கூடைக்கு அடியில் பதினோரு புளியங்கொட்டைகள்

என் தங்கை புருஷனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நுழைத்தால் ஏதோ சின்ன விஷயம் போலத் தோன்றிவிடும். சின்ன விஷயம் இல்லை. யுத்தத்தின் பிற்பாதியில், அதற்குப் பிறகும் கொஞ்ச நாள், அதோடுதான் படுத்தேன், அதோடுதான் எழுந்தேன். அவன் நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு எரியும். கெட்டவன் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

அப்போது நான் அம்பத்தூரில் மிஷன்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், பெட்டிக்குள் பட்டணத்தில் ஒரு வருஷம் படித்து வாங்கிய சான்றிதழ். அந்தச் சான்றிதழில் முதல் வகுப்பு என்று போட்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வரும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி லெப்ட் ரைட் போட வைப்பேன். மற்ற நாளெல்லாம் மணியடிப்பது, தலைமையாசிரியரின் குடையைத் தேடிக் கொடுப்பது, கணக்கு வாத்தியார் வராத வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது. இதற்காகவா முதல் வகுப்பு வாங்கினேன் என்று நினைக்காத நாள் இல்லை.

எனக்கு உயிர் கால்பந்து. பள்ளி விட்டதும் ஊர்க் குழுவுக்குப் போய்விடுவேன். அம்பத்தூர் ஏரியில் தண்ணீர் வற்றிய பிறகு உள்வாயில், கரைக்கு உள்பக்கம், மண் இறுகிக் கிடக்கும். அதுதான் மைதானம். வெறுங்கால் ஆட்டம். உழவு வேலை செய்கிறவர்கள், ரயில்வே கேங்கில் சம்மட்டி அடிக்கிறவர்கள், மாதா கோயில் தெருவில் தச்சு வேலை செய்கிற இரண்டு பேர் என்று கலந்துகட்டிய குழு. நான்தான் கேப்டனாக இருந்தேன். முட்டி பழுதான பிறகு வெளியே நின்று ஆட்டம் சொல்லிக் கொடுப்பவனானேன். கோச் என்ற வார்த்தை எங்கள் பக்கம் அப்போது வரவில்லை. மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் குழுவுக்கு என்று ஒரு வித்தை இருந்தது. என் மூளையில் பிறந்த வித்தை. முன்வரிசையில் இடது கோடியில் ஒருவனைக் கோட்டோரமாக நிறுத்திவிடுவேன். ஆட்டம் முக்கால்வாசி முடிகிற வரைக்கும் அவனுக்குப் பந்தே போகாது. எல்லோரும் வலது பக்கமாகவே ஆடுவார்கள். எதிர்க் குழுவும் மெல்ல மெல்ல வலது பக்கம் வந்து குவிந்துவிடும். இடது கோடியில் ஒருத்தன் கைகட்டி நிற்பது அவர்களுக்கு மறந்தே போகும். அப்போது நான் விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடிப்பேன். மைதானத்தைக் குறுக்கே தாண்டி ஒரு நீள உதை. கோடியில் நிற்பவன் முன்னால் ஆளே இருக்காது. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் பட்டினிக்காரன். பட்டினி போட்டு வைத்திருந்து கடைசியில் சோறு போடுகிறோம் என்று அர்த்தம். திருவள்ளூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் இந்த வித்தையை நம்பியே நாங்கள் ஜெயித்தோம்.

என் தங்கை புருஷன் சேக்காட்டுக்காரன். நிலம் வைத்திருந்த குடும்பம். எங்கள் குழுவில் அவன் எப்போதும் பன்னிரண்டாவது ஆள். யாருக்காவது அடிபட்டால்தான் உள்ளே வருவான். வந்தாலும் பந்து அவன் காலுக்குக் கட்டுப்படாது. ஆனால் ஆட்டம் நடக்கும்போது கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும் என்னிடம் வந்து, "மச்சான், அவங்க பின்வரிசையில நிக்கற அந்த பேக்கி எடது காலால ஒதைக்கவே மாட்றான், பாத்தியா?" என்பான். நான் பார்த்திருக்க மாட்டேன். பார்த்ததாகத் தலையாட்டுவேன். சொன்ன பேச்சைக் கேட்கிறவன், எதிர்த்துப் பேசாதவன் என்றுதான் என் தங்கையை அவனுக்குக் கொடுத்தேன். என் கைக்கு அடங்கி இருப்பான் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஆவடியில் பட்டாளத்துக்காக நிலம் எடுத்தார்கள். சேக்காட்டில் என் தங்கை புருஷன் வீட்டு நெல் வயலும் அதில் போயிற்று. வயலுக்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தது முகாமின் கிடங்கில் ஒரு வேலை. மிஷன் பள்ளியில் எட்டாவது வரைக்கும் படித்த இங்கிலீஷ் அங்கே உதவிற்று. அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் கொஞ்சம் பேர் அந்த முகாமில் இருந்தார்கள். அவர்களில் ஒரு சார்ஜெண்ட், ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தும் தலையும் ஒரே அகலம், இவனோடு ஒட்டிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை புருஷன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பட்டாபிராமுக்குப் போகிற வழியில் முள்வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். இருபது வெள்ளைக்காரர்கள் வெற்றுடம்போடு வெயிலில் நின்றார்கள். பந்து உருண்டையாக இல்லை. பனங்காயை இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. அதை ஒருவன் கையில் அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் எல்லாம் அவன்மேல் விழுந்தார்கள். எழுந்தார்கள். கூடி நின்று தலையைக் குனிந்து ஏதோ பேசினார்கள். மறுபடியும் விழுந்தார்கள்.

"கால்பந்துன்னு பேரு வெச்சிகினு கையால தூக்கினு ஓட்றானுங்களே, இது இன்னா ஆட்டம்?" என்றேன்.

"ஆட்டத்த வுடு மச்சான். அவங்க கூடிகினு பேசறாங்களே, அதப் பாரு. ஒவ்வொரு தபாவும் இன்னா செய்யணும்னு மொதல்லயே எழுதி வெச்சிகினு வந்துதான் ஆடறாங்க. எழுதினது அதோ அந்தாளு."

அந்தாள் என்றது சார்ஜெண்டை. ஊரில் இருந்தபோது அவன் ஒரு கல்லூரியில் இந்த முட்டைப் பந்துக்குக் கோச்சாக இருந்தானாம். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். திரும்பி நடக்கும்போது வழி பூராவும் அவன் கதையையே இவன் சொல்லிக்கொண்டு வந்தான்.

"மொதல்ல அவுரும் ஆடினவருதான். முட்டி போயிடுச்சாம், உன்ன மாதிரியே. அப்பால பெரிய கோச்சு ஒருத்தருக்கு எடுபிடி. துணி அலசறது, பையி தூக்கறது. அதுக்கு அப்பால வேற காலேஜ் ஆடற ஆட்டத்த போய் பாத்து எழுதிகினு வர்ற வேல. எவன் எந்தப் பக்கம் திரும்பறான், எவன் மூச்சு வாங்கறான், எல்லாத்தியும் எழுதணுமாம். அதுலயே ரெண்டு மூணு வருசம். அதுக்கு அப்பால சின்னதா ஒரு காலேஜ்ல கோச்சு. தோத்தா பொட்டியக் கட்ணும். ஜெயிச்சா அதவிட பெரிய காலேஜ் கூப்டும்."

"காலேஜ்ல பந்து ஆட்றதுக்கு சம்பளம் குடுத்து ஒரு ஆளா?"

"வாத்தியாருங்களவிட ஜாஸ்தியாம் மச்சான். இன்னொண்ணு கேளு. மேல போறவன் தனக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தவன வுட்டுட்டுப் போமாட்டானாம். கையோட கூட்டிகினு பூடுவானாம். அவங்க தொழில்ல அது ஒரு வழக்கம்னாரு."

"உன்ன யாரு கையோட கூட்டிகினு போவப்போறா? நீ பன்னண்டாவது ஆளு" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் ஏறின படிகளை நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். வேறு யாரும் அவ்வளவு கவனமாக எண்ணியிருக்க மாட்டார்கள். முதல் படி, சார்ஜெண்ட் ஊர் திரும்பும்போது எழுதிக் கொடுத்த ஒரு கடுதாசி. அதை எடுத்துக்கொண்டு பட்டணத்தின் மேற்குப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரிக்குப் போனான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கும், பந்துக்குள் பிளாடரைச் செருகிக் காற்றடித்து வார் கட்டுவதற்கும் அவனை வைத்துக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. கோடு போடத்தான் லாயக்கு என்று என் மனைவியிடம் சொன்னேன்.

இரண்டாவது படி, எதிர்க் கல்லூரிகள் ஆடுவதைப் போய்ப் பார்த்து எழுதுவது. அதை யாரும் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவனாகவே போனான். பட்டணத்தில் எந்த ஆட்டம் நடந்தாலும் கயிற்றுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து ஒரு பழைய நோட்டில் பென்சிலால் எழுதினான். கல்லூரிக் குழு அதைப் படித்துவிட்டு ஆடியது. இரண்டு ஆட்டம் ஜெயித்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது படி வந்தபோது நான் பள்ளியில் மணியடித்துக்கொண்டிருந்தேன். என் தங்கையே நடந்து வந்து சொன்னாள். "அண்ணே, அவுர தற்காலிகமா கோச்சா போட்டுட்டாங்க." கையில் இருந்த மரச் சுத்தியல் தவறிக் காலில் விழுந்தது. "தற்காலிகம்தானே" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. பிறகு இரண்டு நாள் அந்த முகம் என் கண் முன்னால் நின்றது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

நியாயத்தைச் சொல்லுங்கள். முதல் வகுப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது? கேப்டனாக இருந்தது யார்? பட்டினிக்காரன் வித்தை யாருடைய மூளையில் பிறந்தது? அவனிடம் என்ன இருந்தது, ஒரு வெள்ளைக்காரன் கடுதாசியும் ஒரு பென்சிலும். இதையே அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாரிடமும் சொன்னேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கல்லூரியில் கால்பந்துக்கு நிரந்தரமாக ஒரு கோச் எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. தற்காலிகமாக இருந்த இவனுக்கே அது போகும் என்றும் சொன்னார்கள். சான்றிதழ் இல்லாதவனுக்கு எப்படிக் கொடுப்பார்கள் என்று நான் வாதாடினேன். அதே வாரம் அவனே என் வீட்டுக்கு வந்தான். சீயக்காய் வாசனையோடு, தலை வாரி, புதுச் சட்டை போட்டு.

"மச்சான், நம்ம ஊர் டீமும் எங்க காலேஜ் டீமும் ஒரு தபா மோதணும். காலேஜ் மைதானத்துல. பிரின்சிபாலே பாக்க வர்றாரு. நீ ஒத்துக்கணும்."

"எதுக்கு? உன் பிள்ளைங்க எங்கள ஜெயிக்கறத உங்க பிரின்சிபாலுக்குக் காட்டி வேலைய நெரந்தரம் பண்ணிக்கவா?"

அவன் தரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். "நீ உன் ஆட்டத்த ஆடு மச்சான். அது போதும்" என்றான்.

எனக்கு அதற்குள் வேறு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. பிரின்சிபால் கண் முன்னால் நான் அவனைத் தோற்கடித்தால்? வெறுங்கால் ஆட்கள் பூட்ஸ் போட்ட கல்லூரிப் பிள்ளைகளை நாலு கோல் போட்டு அனுப்பினால்? அந்த மாஸ்டர் யார் என்று கேட்காமல் இருப்பாரா? கேட்டால் என் சான்றிதழ் பெட்டியில்தானே இருக்கிறது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு நானே முதல் முறையாகச் சொல்லிக்கொண்டேன். அதுவரைக்கும் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சேக்காட்டுக்குப் போனேன். என் மனைவி தங்கைக்கு ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். வீட்டில் ஆள் இல்லை. தங்கை குளத்துக்குத் துணி துவைக்கப் போயிருப்பாள், அவன் கல்லூரிக்குப் போயிருப்பான். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போய் ஊறுகாய் ஜாடியை அடுப்பங்கரையில் வைத்தேன். திரும்பும்போது கூடத்து மூலையில் கோழி மூடுகிற கூடை கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். கோழிகள் எல்லாம் வாசலில் மேய்ந்துகொண்டிருந்தன. கூடைக்குள் எதுவும் கத்தவில்லை. தூக்கிப் பார்த்தேன்.

தரையில் சுண்ணாம்பால் ஒரு மைதானம் வரைந்திருந்தது. நடுக்கோடு, கோல் எல்லாம் இருந்தன. ஒரு பக்கம் பதினோரு கூழாங்கற்கள். இன்னொரு பக்கம் பதினோரு புளியங்கொட்டைகள். சார்ஜெண்ட் சொல்லிக் கொடுத்த வேலைதான் என்று உடனே புரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. இவ்வளவு பெரிய கோச்சு வீட்டில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுகிறானே என்று. பிறகு புளியங்கொட்டைகள் நின்ற விதத்தைப் பார்த்தேன். பத்துக் கொட்டை வலது பக்கமாகக் குவிந்திருந்தன. ஒரே ஒரு கொட்டை மட்டும் இடது கோடியில், கோட்டை ஒட்டி, தனியாக.

பட்டினிக்காரன்.

என் வித்தையைத் திருடிவிட்டான். என் குழுவில் பன்னிரண்டாவது ஆளாகக் குந்தி உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். என் வித்தையாலேயே என்னை அடித்து என் கண் முன்னாலேயே நிரந்தரம் வாங்கப் பார்க்கிறான். கோபத்தில் அந்தத் தனிக் கொட்டையைப் பொறுக்கி எடுத்தேன். உள்ளங்கையில் அழுத்திப் பிடித்ததில் கை வலித்தது. கூடையைப் பழையபடி கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். பாதி தூரம் வந்த பிறகுதான் கொட்டை கையிலேயே இருப்பது தெரிந்தது. ஏரிக்கரையில் நின்று மிச்சமிருந்த தண்ணீர் பக்கமாக ஓங்கி எறிந்தேன்.

அந்த நாலு நாளும் குழுவைப் போட்டு வாட்டினேன். அவர்களுடைய இடது கோடி ஆள் எங்கள் வலது பக்கமாகத்தான் வருவான். அதனால் வலது பக்கத்துக்குக் காவல் கூட்டினேன். காவலுக்கு ஆள் வேண்டுமே, எங்கள் பட்டினிக்காரனையே எடுத்தேன். அவன் ரயில்வே கேங்கில் வேலை செய்கிறவன், பேச்சு குறைவு. அன்றைக்கு மட்டும் பேசினான்.

"மாஸ்டர், என்ன இன்னாத்துக்கு பின்னாடி நிக்க வெக்கிற? என் எடம் அங்க கீது."

"அந்த வித்த அவனுக்குத் தெரிஞ்சிபோச்சி. இனிமே அது நமக்கு உதவாது."

"தெரிஞ்சா இன்னா மாஸ்டர்? திருவள்ளூர்க்காரனுங்களுக்குக் கூடத்தான் தெரியும். வருசா வருசம் கோல் வாங்கிகினு போறானுங்க."

நான் அவனை அடக்கினேன். மாஸ்டர் நானா நீயா என்று கேட்டேன். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேள்வியை அவன் என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆட்டத்தன்று மத்தியான ரயிலில் அம்பத்தூரிலிருந்து போனோம். கரி வண்டி. பதினோரு பேர் முகத்திலும் கரி. கல்லூரி மைதானத்தில் புல் பச்சையாக இருந்தது. எங்கள் ஆட்கள் அதை மிதிக்கவே கூச்சப்பட்டார்கள். பிரின்சிபால் வேட்டி, கோட்டு, தலைப்பாகையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் தங்கை புருஷன் அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என்னைப் பற்றி என்ன கோள் சொல்கிறானோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசில் ஊதினார்கள். நான் வலது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வருவான், இதோ வருவான் என்று. அவர்களுடைய இடது கோடியில் யாரும் தனியாக நிற்கவில்லை. அவர்கள் நடுவில் நேராக வந்தார்கள். எங்கள் நடுவில் ஆளில்லை. எல்லாரையும்தான் நான் வலது பக்கம் கொண்டுபோய்க் குவித்திருந்தேனே. முதல் கோல் விழுந்தது. தந்திரம் செய்கிறான், பாதிக்கு மேல்தான் காட்டுவான் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கோல் விழுந்தது. பட்டினிக்காரன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒரு சீட்டி அடித்திருந்தால் போதும், அவன் தன் இடத்துக்கு ஓடியிருப்பான். விரல் வாய்வரைக்கும் போயிற்று. அடிக்கவில்லை. மூன்றாவது கோலும் விழுந்தது. நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை.

முடிந்ததும் பிரின்சிபால் நாற்காலியிலிருந்து எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"உங்கள் இடது கோடி ஆட்டக்காரர் இன்றைக்கு வரவில்லையா?" என்று கேட்டார்.

இவன் சொல்லிக் கொடுத்துக் கேலி பண்ண வைக்கிறான் என்று நினைத்தேன். "வந்திருக்கிறான் ஐயா. எந்த ஆளை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்படியா" என்றார். காப்பி சாப்பிட்டுப் போகும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் காப்பி சாப்பிடவில்லை.

அடுத்த மாதமே அவனுக்கு நிரந்தரமாயிற்று. சான்றிதழுக்காகக் கோடை விடுமுறையில் அவர்களே ஒரு குறுகிய படிப்புக்கு அனுப்பினார்கள். நான் அவன் வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். திருட்டுப் பயல் என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்து, அதைக் கூப்பிட்டுக்கூப்பிட்டு ஆறுதல் அடைந்தேன். எப்போதாவது யோசிக்கும்போது ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது: திருடினான் என்றால் ஏன் அதை ஆடவில்லை? ஆனால் பொறாமை பிடித்தவனுக்குச் சந்தேகத்தை விரட்டுவது சுலபம். என்னைக் குழப்புவதற்காகவே வரைந்து வைத்திருக்கிறான் என்று அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தேன்.

வருஷம் ஒன்று போயிருக்கும். என் தங்கைக்குப் பிரசவம் ஆகிப் பெண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. வெள்ளிக் கொலுசோடு போனேன். சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. கல்லூரிக் குழு இரண்டு வரிசையாக நிற்க, நடு நாற்காலியில் கோட்டு போட்டு, முட்டிமேல் கையை வைத்து அவன். காலடியில் ஒரு கோப்பை. நான் அந்தப் போட்டோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

மீன் குழம்பு வைத்திருந்தார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் பாதியில் நிறுத்தினான்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு கீறேன். அன்னிக்கு ஏன் ஆட்டத்த மாத்தின?"

"பட்டினிக்காரனுக்குக் கால்ல வலி" என்றேன்.

"அய்யோ, அத அப்பவே சொல்லியிருக்கலாமே. நான் பிரின்சிபால்கிட்ட சொல்லி இன்னொரு நாள் வெச்சிருப்பேனே." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. "உன்கிட்ட சொல்லல மச்சான், அது என் தப்புதான். வேல எனக்கு வேணாம்னு பிரின்சிபால்கிட்ட சொல்லியிருந்தேன். ஆட்டம் எனக்கு சொல்லிக் குடுத்தது என் மச்சான், சர்டிபிகேட்டும் அவருகிட்டதான் கீது, அவர கோச்சா போடுங்க, நான் அவருக்கு கீழ எழுதிகினு கெடக்கறேன்னேன். அவரு நம்பல. எடது கோடி வித்தைய ஒருத்தர் கண்டுபுடிச்சாரு, முன்னாடியே தெரிஞ்சாலும் அத தடுக்க முடியாதுன்னேன். அப்ப கண்ணால பாக்கறேன்னாரு. அதுக்குத்தான் அந்த ஆட்டமே."

"நீ தடுக்கறதுக்குப் பசங்கள தயார் பண்ணியா?" என்று கேட்டேன்.

"பின்ன? ஒரு மாசம் அதே வேல. உன் டீம புளியங்கொட்டையா வெச்சி, எங்க டீம கூழாங்கல்லா வெச்சி, தெனம் மாத்தி மாத்தி பாத்தேன். தடுக்க ஒரு வழியும் தெரியல. எனக்கு அவ்ளோ சந்தோசம். போயும் போயும் அன்னிக்குப் பாத்து அவனுக்குக் கால் வலிக்கணுமா?"

குழந்தை அழுதது. அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, தூளியை ஆட்டப் போனான். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரின்சிபால் வந்து கேட்ட கேள்வி காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அவர் கேலி செய்யவில்லை. அவர் எனக்கு வேலை கொடுக்க வந்திருந்தார். நான் என் ஆட்டத்தை மட்டும் ஆடியிருந்தால், தோற்றிருந்தால்கூட, அந்த நடு நாற்காலி என்னுடையது. அதில் உட்கார்ந்திருப்பவன் எனக்குப் பக்கத்தில் நோட்டும் பென்சிலுமாக நின்றிருப்பான், சந்தோஷமாக.

தங்கை குழம்புச் சட்டியோடு வந்து குனிந்தாள். ஊற்றிக்கொண்டே, தூளிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஊறுகா வெச்சிட்டுப் போனியே அன்னிக்கி, கூடைய தூக்கிப் பாத்தது நீதானே?"

நான் மீன் முள்ளை இலையோரத்தில் ஒதுக்கினேன்.

"அன்னிக்கு சாய்ந்தரம் அவுரு வந்து எண்ணினாரு. பத்துதான் கீது. பட்டினிக்காரன காணோமேன்னாரு. ஜாடி வாசல்ல இல்லாம அடுப்பங்கரையில கீது, நீதான் வந்திருக்கறன்னு எனக்குத் தெரியும். கோழி தின்னுடுச்சுன்னு சொல்லிட்டேன்." சட்டியை நிமிர்த்திக்கொண்டாள். "வேற கொட்டை ஒண்ணு தேடி எடுத்து அதே எடத்துல வெச்சாரு. கோழி எப்டி கூடைய திருப்பிக் கவுத்து வெச்சிட்டுப் போவும்னு கேக்கவே இல்ல அண்ணே. நான் சொன்னதும் நம்பிட்டாரு."

எனக்காக அவள் தன் புருஷனிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அந்த வேலை கைநழுவிப் போனதைவிட அது பெரிதாக வலித்தது என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அது இல்லை. தூளியை ஆட்டிக்கொண்டு அவன் ஏதோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே நம்பிவிடுகிற மனசு அவனுக்கு இருந்தது. அது எனக்கு இல்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது அதற்கும் சேர்த்து அவன்மேல் பொறாமைப்பட்டேன்.